தமிழ்வழிப் பள்ளியிலிருந்து சங்கீதம் படிக்கப் போகிறவர்களுக்கு

கேரளத்தின் பாலக்காடு ஜில்லாவில், தமிழ்நாட்டு எல்லையோரமாக இருக்கும் கொழிஞ்சாம்பாறை, சித்தூர், மீனாட்சிபுரம் பக்கத்துத் தமிழ்வழிப் பள்ளிப் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "அக்கா, எனக்குப் பாட்டு நல்லா வரும். அதையே பாடமா எடுத்துப் படிக்கலாமா?" தாராளமாகப் படிக்கலாம். நானும் பத்தாவது வரை தமிழ்வழியில் படித்து, பிளஸ் டூவில் சங்கீதம் எடுத்து, பிறகு பாலக்காட்டில் பி.ஏ. சங்கீதம் முடித்தவள்தான். ஆனால் பள்ளிக்கூடம் உங்களை இதற்குத் தயார் செய்து அனுப்பாது. அதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

எஸ்.எஸ்.எல்.சி. பொதுத்தேர்வில் சங்கீதத்துக்கென்று ஒரு தாள் கிடையாது. கலைக்கல்வி என்று கால அட்டவணையில் ஒரு பீரியட் இருக்கும். பரீட்சை நெருங்கினால் கணக்கு சார் அதை வாங்கிக்கொள்வார். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் எட்டு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான் கலைக்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. எல்லையோரச் சின்னப் பள்ளிகள் அந்த எண்ணிக்கையைத் தொடுவதே கஷ்டம். செம்பை வைத்தியநாத பாகவதர், எம்.டி. ராமநாதன் போன்ற பெரிய பாடகர்கள் பிறந்த ஜில்லாவில், ஒரு பிள்ளை ஸ்ருதி என்றால் என்னவென்றே கேட்காமல் பத்தாவது முடித்துவிடுகிறது. எனக்கு இது ஆறாத வருத்தம்.

பள்ளியில் சங்கீதம் உயிரோடு இருக்கும் ஒரே இடம் கலோல்சவம், அதாவது கேரளப் பள்ளிகளின் கலைவிழா. 1957-இல் தொடங்கிய விழா. சாஸ்திரிய சங்கீதம், லளித கானம் (மெல்லிசை), ஏன், தமிழ்ப் பத்யம் (செய்யுள்) சொல்லலுக்கே அதில் இடமுண்டு. கட்டாயம் கலந்துகொள்ளுங்கள். ஆனால் அங்கே நடப்பது போட்டி. ஒரே கீர்த்தனையை மாதக்கணக்கில் மெருகேற்றி மேடை ஏறுவோம். அந்தக் கீர்த்தனையின் ராகம் எந்த மேளத்தின் (தாய் ராகத்தின்) ஜன்யம், அதாவது எதிலிருந்து பிறந்தது என்று கேட்டால் முழிப்போம். பாடமாக எடுத்தவுடன் அந்தக் கேள்விதான் முதலில் வரும்.

ஆகவே தியரி. நம் பிள்ளைகள் திணறுவது கடபயாதி சங்க்யையில், அதாவது ஒவ்வொரு மெய்யெழுத்துக்கும் ஓர் எண் கொடுக்கும் முறையில். 72 மேளகர்த்தா ராகங்களின் (தாய் ராகங்களின்) பெயரில் முதல் இரண்டு எழுத்துகளுக்கு எண் கண்டுபிடித்துத் திருப்பிப் போட்டால் மேள எண் வரும். மாயாமாளவகௌளையில் 'ம' 5, 'ய' 1, திருப்பினால் 15. இதுவரை சரி. இப்போது கனகாங்கியையும் கானமூர்த்தியையும் எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் எழுதினால் இரண்டிலும் ககரமும் னகரமும்தான். ஆனால் கனகாங்கி முதல் மேளம், கானமூர்த்தி மூன்றாவது. முதலாவதில் வல்லொலி 'க', அதற்கு 1; இரண்டாவதில் மெல்லொலி 'க', அதற்கு 3. தமிழ் எழுத்தில் இந்த வித்தியாசம் தெரியாது. மலையாள எழுத்தில் தெரியும். அதனால் 72 பெயர்களையும் மலையாளத்தில் ஒருமுறை கைப்பட எழுதி, பக்கத்தில் எண்ணைப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். எல்லையில் பிறந்ததால் நமக்கு அந்த எழுத்து கைவசம் இருக்கிறது, பயன்படுத்துவோம். சக்ரவாகம் போன்ற கூட்டெழுத்துப் பெயர்களைத் தனியாகப் பாருங்கள். அதில் 'க்ர'வுக்கு ககரத்தின் எண்ணைத்தான் எடுக்க வேண்டும், அப்போதுதான் 16 வரும்.

எண் கிடைத்துவிட்டால் ஸ்வரங்கள் தானாக வரும். தீரசங்கராபரணம் 29. முப்பத்தாறுக்குள் இருப்பதால் சுத்த மத்யமம். ஆறாறாகப் பிரித்தால் ஐந்தாவது சக்கரம், எனவே சதுஸ்ருதி ரிஷபம், அந்தர காந்தாரம். அந்தச் சக்கரத்திலும் ஐந்தாவது ராகம், எனவே சதுஸ்ருதி தைவதம், காகலி நிஷாதம். இதைப் பாடிக்கொண்டே போட்டுப் பாருங்கள். காதில் விழுந்த ஸ்வரம் பரீட்சை ஹாலில் மறக்காது.

ராக லட்சணம் எழுதும்போது ஆரோகண அவரோகணத்தோடு (ஸ்வரங்களின் ஏறுவரிசை, இறங்குவரிசையோடு) நிறுத்திவிடாதீர்கள். மோகனம் என்றால் 28-ஆவது மேளமான ஹரிகாம்போஜியின் ஜன்யம், மத்யமமும் நிஷாதமும் இல்லாத ஔடவ (ஐந்து ஸ்வர) ராகம் என்று தொடங்கி, சஞ்சாரத்தையும் (ராகத்தின் ஸ்வரங்கள் நகரும் போக்கையும்) இரண்டு வரி எழுதுங்கள். நொட்டேஷனில் (ஸ்வரக் குறிப்பில்) காற்புள்ளிக்கு ஒரு அட்சரம் (தாளத்தின் ஓர் அலகு), அரைப்புள்ளிக்கு இரண்டு. ஆதி தாளத்துக்கு நான்கு, இரண்டு, இரண்டு என்று கோடு போட்டு, கையால் தாளம் போட்டுச் சரிபார்த்த பிறகே அடுத்த வரிக்குப் போங்கள்.

பிராக்டிகலுக்குத் தினமும் காலையில் அரைமணி நேரம், செல்போனில் தம்புரா ஆப் போட்டு, ஒரே ஸ்ருதியில் வரிசைகளையும் அலங்காரங்களையும் மூன்று காலத்தில் (வேகத்தில்) பாடினால் போதும். கீர்த்தனைகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டு ஓடாதீர்கள். ஒரு வர்ணம் இரண்டு காலத்தில் தடுமாறாமல் வந்தால் தேர்வாளர் முகமே மாறும்.

சி.பி.எஸ்.இ.யில் படிக்கும் பிள்ளைகளுக்கும் வழி இருக்கிறது. கர்நாடக சங்கீதம் வாய்ப்பாட்டுக்குப் பாட எண் 031. பன்னிரண்டாம் வகுப்பில் தியரிக்கு 30 மதிப்பெண், பிராக்டிகலுக்கு 70. பட்டப்படிப்புக்கு வெகுதூரம் போக வேண்டாம். பாலக்காட்டில் செம்பை நினைவு அரசு இசைக் கல்லூரி இருக்கிறது, சித்தூர் அரசுக் கல்லூரியிலும் சங்கீதத் துறை உண்டு. பள்ளி ஆசிரியராக வர நினைப்பவர்கள் கே-டெட் என்ற கேரள ஆசிரியர் தகுதித் தேர்வின் நான்காம் பிரிவை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிளஸ் ஒன் ஏகஜாலக (ஒற்றைச் சாளர) விண்ணப்பத்தில் சங்கீதம் உள்ள ஹியூமானிட்டீஸ் பிரிவைக் குறிக்கும் முன்பு, அந்தப் பள்ளிக்கு அப்பாவையோ அம்மாவையோ கூட்டிக்கொண்டு நேரில் போங்கள். சங்கீத டீச்சர் பணியிடம் நிரம்பியிருக்கிறதா, வாரத்தில் எத்தனை பீரியட், ஸ்ருதிப்பெட்டி வேலை செய்கிறதா என்று கேளுங்கள். நான் படித்தபோது எங்கள் பள்ளியில் அந்தப் பணியிடம் பல மாதங்கள் காலியாக இருந்தது. கோயிலில் பாடும் ஒரு மாஷ் (வாத்தியார்) மாலை நேரத்தில் காசு வாங்காமல் சொல்லிக்கொடுத்ததால்தான் பாடத்திட்டம் முடிந்தது. அப்படி ஒருவர் உங்கள் ஊரில் இருந்தால், வகுப்பு தொடங்கும்வரை காத்திருக்காமல் இந்த லீவிலேயே போய்ப் பாருங்கள்.