"சரிக்கா, செய்துவிடுகிறேன்"

எங்கள் மென்பொருள் குழுவில் எதற்கும் கேள்வி கேட்கும் ஒரு தம்பி இருந்தார். ரிலீஸ் தேதியை அறிவித்தால், "டெஸ்டிங்குக்கு எத்தனை நாள் வைத்திருக்கிறீர்கள் அக்கா?" என்று கேட்காமல் விடமாட்டார். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்ச் மாதத்தில் அந்தக் கேள்விகள் நின்றுபோயின. எதைக் கொடுத்தாலும் "சரிக்கா, செய்துவிடுகிறேன்" என்ற பதிலே வந்தது. பக்குவப்பட்டுவிட்டார் என்று நான் மகிழ்ந்தேன். ஜூனில் அவருடைய ராஜினாமா மின்னஞ்சல் வந்தது.

உலக சுகாதார நிறுவனம் 2019இல், பணிச்சோர்வை ஒரு நோயாக அல்லாமல், முறையாகக் கையாளப்படாத நாட்பட்ட பணியிட அழுத்தத்தின் விளைவாக வரையறுத்தது. ஆற்றல் வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகிப்போவது, தன்னால் உருப்படியாக எதுவும் செய்ய முடியவில்லை என்று தோன்றுவது ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். இரண்டாவது அடையாளம் என் கண்முன்னே இருந்தும் அதை நான் பணிவு என்று எடுத்துக்கொண்டேன். "கையாளப்படாத" என்ற சொல் இன்றும் என்னை உறுத்துகிறது, ஏனெனில் கையாள வேண்டிய இடத்தில் இருந்தவள் நான்.

அவர் சென்ற பிறகு, முந்தைய மூன்று மாத ஆன்-கால் பட்டியலை, அதாவது வேலை நேரத்துக்கு வெளியே வந்த அவசர அழைப்புகளை யார் எடுத்தார்கள் என்ற பட்டியலை, எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இரவில் லைவ் சர்வரில் கோளாறு என்று வந்த அழைப்புகளில் பாதிக்கு மேல் அவர் பெயரே இருந்தது. பேமென்ட் பகுதி அவருக்கு மட்டும்தான் முழுமையாகத் தெரியும், விரைவில் முடித்துத் தருவார் என்பதால் எல்லோரும் அவரையே எழுப்பினோம். இடையில் நான்கு நாள் லீவில் குற்றாலம் போய் வந்தார். அவருடைய வேலையை நாங்கள் வேறு யாரிடமும் ஒப்படைக்காததால், அத்தனையும் அப்படியே அவருக்காகக் காத்திருந்தது. அலுவலகத்தில் அப்போது யோகா வகுப்பும் நடந்தது. அதற்கு வர அவருக்கு நேரம் இருக்கவில்லை.

2021இல் தமிழ்நாட்டில் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். நாள் முழுவதும் நின்றே வேலை பார்த்த ஜவுளிக்கடைப் பெண்களின் கால்வலிக்கு நாற்காலிதான் தீர்வு என்று ஒப்புக்கொண்ட அந்தத் திருத்தத்தை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

எங்களுக்கான நாற்காலியைத் தேடியதில், இரவில் அழைப்பை எடுத்தவர் யாரிடமும் அனுமதி கேட்காமல் மறுநாள் மதியம் வரலாம் என்று முடிவு செய்தோம். மாற்று ஆளின் பெயர் எழுதப்படாமல் எந்த லீவுக்கும் நான் ஒப்புதல் தருவதில்லை. பேமென்ட் பகுதியை மேலும் இருவருக்குக் கற்றுக்கொடுக்க ஆறு வாரங்கள் ஆகும் என்பதால், மென்பொருளில் சேர்க்கவிருந்த ஒரு வசதியைத் தள்ளிப்போட வேண்டும் என்று கிளையன்ட்டிடமும் என் மேலாளரிடமும் சொல்ல வேண்டியிருந்தது. எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது அதுதான். தனக்கு மேலே இருப்பவரிடம் "இப்போது முடியாது" என்று சொல்லத் தயங்கும் தலைவர், அந்தத் தயக்கத்தின் சுமையைக் குழுவின் தலையில் இறக்கிவைக்கிறார் என்றே நான் கருதுகிறேன்.

இப்போதெல்லாம் ஒவ்வொருவருடனும் தனியாகப் பேசும் வாராந்திர அரைமணி நேரத்தில் "எப்படி இருக்கிறீர்கள்?" என்று நான் தொடங்குவதில்லை, அதற்கு "நன்றாக இருக்கிறேன்" என்றுதான் பதில் வரும். "இந்த வாரம் உங்கள் வேலையில் எதை எடுத்துவிடலாம்?" என்று கேட்கிறேன். முதல் நான்கு வாரங்கள் யாரும் எதையும் சொல்லவில்லை. ஐந்தாவது வாரம் ஒருவர், வெள்ளிக்கிழமைதோறும் தாம் இரண்டு மணி நேரம் செலவிட்டுத் தயாரிக்கும் ஓர் அறிக்கையைத் தயங்கித் தயங்கிக் குறிப்பிட்டார். அதைப் பெறுபவரிடம் விசாரித்தேன். ஓராண்டாக அவர் அதைத் திறந்தே பார்க்கவில்லையாம். அன்றே நிறுத்திவிட்டோம்.