மார்லோ கம்யூனிஸ்டா?

பஸ்ஸில் படித்துக்கொண்டே வந்தவன் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்து சீட்காரர் ஒரு மாதிரி பார்த்தார்.

1938 டிசம்பர். அரசுச் சம்பளத்தில் நாடகம் போட்ட அமெரிக்காவின் ஃபெடரல் தியேட்டர் திட்டத்தில் கம்யூனிஸ்டுகள் புகுந்துவிட்டார்களா என்று நாடாளுமன்றக் குழு விசாரிக்கிறது. திட்டத்தின் இயக்குநர் ஹாலி ஃபிளானகனின் கட்டுரையில் மார்லோ பெயர் வருகிறது.

"இந்த மார்லோ கம்யூனிஸ்டா?" என்கிறார் ஓர் உறுப்பினர்.

ஷேக்ஸ்பியர் காலத்து நாடக ஆசிரியர், ஐயா! 1593லேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

அறையே சிரித்தது. ஃபிளானகன் சிரிக்கவில்லை. எட்டாயிரம் பேர் வேலை ஊசலாடிக்கொண்டிருந்தது.

அப்புறம் நானும் சிரிக்கவில்லை.

1939 ஜூன் 30. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ், திட்டத்துக்கான காசை நிறுத்திவிட்டது. நியூயார்க்கில் அந்தத் திட்டத்தின் குழந்தைகள் நாடகம், மரப்பொம்மைப் பையன் பினோக்கியோவின் கதை. கடைசி நாளில் முடிவை மாற்றிவிட்டார்கள். பொம்மையை மரப்பெட்டியில் கிடத்தி, பிறந்த தேதிக்குக் கீழே எழுதினார்கள்: காங்கிரஸ் சட்டத்தால் கொல்லப்பட்டான்.