நாடாளுமன்றம் கூடாத மாதங்களில் எங்கள் கேள்வி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டம் ஒன்றில், ஓய்வுபெற்ற பிறகும் வரிசை வீடுகளில் குடியிருந்த குடும்பங்களுக்கு, வீட்டைக் காலி செய்யும்படி நிர்வாகம் கடிதம் கொடுத்தது. மாற்று வீட்டைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. மனு எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர், அடுத்த கூட்டத்தில் மனிதவள அமைச்சரிடம் இதைக் கேட்பதாக ஒப்புக்கொண்டார். மனுவைக் கிடப்பில் போட்டுவிடலாம்; மக்களவையில் எழுந்த கேள்விக்கு அமைச்சர் பதில் சொல்லியாக வேண்டும். அதனால்தான் அந்த வழியைப் பிடித்தோம்.

2021 ஜனவரி 12 அன்று அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. கோவிட் தொற்றின் பெயரால் பிரதமர் முஹிடின் யாசின் ஆலோசனை கூற, மாமன்னர் அதைப் பிரகடனம் செய்திருந்தார். வழக்கமாக ஒரு கூட்டத்தொடரின் கடைசி அமர்வுக்கும் அடுத்ததன் முதல் கூட்டத்துக்கும் இடையே ஆறு மாதம் கடந்துபோக மாமன்னர் விடக் கூடாது. அரசியலமைப்பின் 55ஆவது பிரிவு அப்படிச் சொல்கிறது. அந்தக் கெடுவையே அவசரச் சட்டம் ஒதுக்கிவைத்தது. எங்கள் கேள்வி தயாராக இருந்தது. அதைக் கொடுக்கக் கூட்டம் இல்லை.

“நாடாளுமன்றமே கூடவில்லை என்றால் யாரைக் கேட்பது, தம்பி?” என்றார் கடைசி வீட்டு அக்கா. 1948 ஜூன் 16 அன்று இந்த வட்டாரத்தில் தோட்டத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டதும், அதையடுத்து வந்த அவசரகாலமும் அவர் தாயார் சொல்லிக் கேட்ட கதைகள். அவருடைய அச்சம் எனக்குப் புரிந்தது.

நடமாட்டக் கட்டுப்பாட்டில் எல்லாம் தபாலில்தான் நடந்தது. பணி ஓய்வுக் கடிதம், பழைய சம்பளச் சீட்டு, ஒழுகும் கூரையின் படம் என ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி உறை தயாரித்து, தொழிலாளர் இலாகாவுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். இதேபோன்ற கடிதம் வந்தவர்களுக்கு நான் சொல்வது: ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள், பதிலை எழுத்தில் கேளுங்கள்.

பிப்ரவரியில் வந்த செய்திதான் என்னைக் கொதிக்க வைத்தது. தொழிலாளர் குடியிருப்புக்கான 446ஆவது சட்டத்தையே அரசாங்கம் அவசர ஆணை மூலம் திருத்தியது. நெரிசலான விடுதிகளை நடத்தும் முதலாளிகளுக்கு இரண்டு லட்சம் ரிங்கிட் வரை அபராதம் விதிக்கலாம். நல்ல நோக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஓய்வுபெற்றவர்களின் கதி என்ன என்று அந்த நேரத்தில் எழுந்து கேட்க அவையில் ஒருவரும் இல்லை. எங்கள் வீடுகளைத் தொடும் சட்டம், எங்கள் பிரதிநிதி வாய் திறக்க வழியில்லாத நாளில் மாறியது.

நாடாளுமன்றம் விரைவில் கூட வேண்டும் என்று ஜூன் 16 அன்று மாமன்னர் கருத்துத் தெரிவித்தார். ஜூலை 26 சிறப்புக் கூட்டத்தில் அமைச்சர்களின் விளக்கங்களே முதன்மை பெற்றன. ஆகஸ்ட் 1 அன்று அவசரகாலம் முடிந்தது. செப்டம்பர் 13 அன்று தொடங்கிய கூட்டத்துக்கு எங்கள் கேள்வியை மீண்டும் எழுதினோம். அதுவரை ஒரு குடும்பமும் வீட்டைக் காலி செய்யவில்லை.

அவசரகாலம் முடிந்த ஆறு மாதத்தில் அவசர ஆணைகள் செல்லாமல் போகும் என்கிறது 150ஆவது பிரிவு. ஆகவே கேள்வியில் ஒரு வரியைச் சேர்த்தோம்: ஆணை காலாவதியான பிறகு, இந்த வீடுகளுக்கு எந்தச் சட்டம் பொறுப்பு?