தெருவை மீட்க நினைப்பவர்கள் மாடித் தளத்தில் தொடங்குங்கள்: புதுச்சேரி பழைய நகர அனுபவம்

புதுச்சேரி பழைய நகரத்தில் ஒரு தெருவைச் சீர்படுத்தலாம் என்று அக்கம்பக்கத்தார் கூடினால், முதல் பேச்சே பெயிண்டைப் பற்றித்தான் வரும். எந்த வீட்டுக்கு என்ன நிறம், யார் செலவு, பொங்கலுக்குள் முடியுமா என்று போகும். நிறம் கடைசி வேலை. கட்டட வேலையில் முதலில் பார்க்க வேண்டியது மாடியில் தேங்கும் தண்ணீரை. அதற்கு முன்னே கணக்கெடுப்பும் பத்திரமும், பிறகு சாலை, சுண்ணாம்பு, மரம், கடைக்காரர்கள் என்று எல்லாம் இருக்கிறது. இந்த வரிசையை மாற்றினால், போட்ட காசு அடுத்த ஐப்பசி மழையில் சுவரோடு சேர்ந்து உதிரும்.

இந்த வேலைக்கு ஊரிலேயே முன்மாதிரி இருக்கிறது. 2002 முதல் 2004 வரை, ஆசிய, ஐரோப்பிய நகரங்களை இணைக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏசியா அர்ப்ஸ் திட்டத்தில், இத்தாலியின் உர்பினோ, பிரான்சின் வில்நெவ்-சூர்-லோ ஆகிய நகரங்களோடு புதுச்சேரி நகராட்சி கைகோத்தது. பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு முன்னின்று வைசியாள் வீதியின் வீட்டு முகப்புகளை மீட்டது. 2008-ல் அந்த வேலைக்கு யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருது கிடைத்தது. அங்கே நாங்கள் கற்றுக்கொண்ட முக்கியமான விஷயம், ஒட்டி ஒட்டி நிற்கும் வீடுகளை ஒரே துண்டாக எடுத்துக்கொள்வது. ஊர் முழுக்கச் சிதறிக் கிடக்கும் பத்து அழகான வீடுகளைச் செப்பனிட்டாலும் தெரு மாறாது. தமிழர் பகுதியின் அழகே திண்ணையும் தாழ்வாரமும் வீட்டுக்கு வீடு தொடர்ந்து ஓடுவதுதான். நடுவில் ஒரு வீடு திண்ணையை இடித்து ஷட்டர் போட்டுவிட்டால், அந்த இடத்தில் நடப்பவர் வெயிலுக்கு வந்துவிடுவார்.

ஆகவே முதல் வேலை கணக்கெடுப்பு. வீட்டுக்கு ஒரு தாள் போதும். உரிமையாளர் யார், குடியிருப்பவர் யார், கூரை எந்த வகை, மாடித் தண்ணீர் எந்தப் பக்கம் இறங்குகிறது, திண்ணை உயரம், தாழ்வாரத்தின் இறவான (கூரை விளிம்பின்) உயரம், எதிர்ப்பக்கத்திலிருந்து எடுத்த ஒரு படம். இவற்றை வைத்துத் தெருவின் ஒரு பக்கம் முழுவதையும் ஒரே நீளத் தாளில் வரைந்து கூட்டத்தில் விரித்துவையுங்கள். தன் வீடும் பக்கத்து வீடும் ஒரே கோட்டில் நிற்பதைப் பார்த்த பிறகுதான் பலர் தெரு என்ற கணக்கில் பேசத் தொடங்குகிறார்கள்.

அடுத்து பத்திரம். இங்கேதான் வேலை அதிகம் தேங்கும். பாகப்பிரிவினை ஆகாத வீடுகள் நிறைய. பழைய ஆவணங்கள் பிரெஞ்சில் இருக்கும். பங்காளிகளில் சிலர் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்று பாரிஸ் பக்கம் இருப்பார்கள். ஒருவர் கையெழுத்து இல்லாவிட்டாலும் உதவித்தொகை வராது, வங்கியும் நகராது. வெளிநாட்டில் இருப்பவர் பவர் பத்திரம் எழுதி, அங்குள்ள இந்தியத் தூதரகத்திலோ துணைத் தூதரகத்திலோ சான்று பெற்று அனுப்ப வேண்டும். அது இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். பலர் உறையைப் பிரித்து பீரோவில் வைத்துவிட்டு இந்தக் கெடுவைத் தவறவிடுகிறார்கள். பவரில் 'பழுதுபார்க்கவும் வாடகைக்கு விடவும்' என்று மட்டும் எழுதச் சொல்லுங்கள். விற்கும் அதிகாரமும் சேர்ந்திருந்தால் மற்ற பங்காளிகள் மிரண்டு ஒதுங்குவார்கள். இந்த ஊரில் பழைய வீடுகள் பலவும் இடிந்ததைவிட விற்று இடிக்கப்பட்டதே அதிகம் என்பது எங்கள் எண்ணம்.

இனி மாடி. பழைய வீடுகளில் பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸ்தான். தேக்குக் கட்டைகளின்மேல், சுமார் 15 செ.மீ. நீளமும் 7.5 செ.மீ. அகலமும் 2.5 செ.மீ. கனமும் உள்ள அச்சுக்கல் என்னும் சிறு செங்கல்லைச் சுண்ணாம்புக் கலவையில் சாய்வாக, விளிம்பில் நிறுத்தி அடுக்குவார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளத்தை மரக்கட்டையால் நாட்கணக்கில் தட்டி இறுக்கி, மேலே தட்டை ஓடு பதிப்பார்கள். ஒழுகத் தொடங்கியதும் எல்லோரும் செய்வது, அதன்மேலேயே சிமென்ட் தளம் ஒன்று போடுவது. ஒழுகல் ஒரு மழைக்கு நிற்கும், பாரம் நிரந்தரமாகக் கூடும். உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லாமல் கட்டையின் முனைக்குப் போகும்.

கட்டை இற்றுப்போவது நடுவில் இல்லை, சுவருக்குள் நுழையும் இடத்தில். ஒவ்வொரு முனையையும் சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். டொக்கென்று வெற்றொலி வந்தால் ஸ்க்ரூடிரைவரை அழுத்துங்கள். எளிதாக இறங்கினால் அந்தக் கட்டையை மாற்ற வேண்டும். மாற்றும்போது இரு பக்கத்துக் கட்டைகளுக்கும் சவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்கக் கூடாது. இழுத்தால் கல்லோடு வரும். வெட்டிவிட்டு, வேரை மருந்து வைத்துக் கொன்ற பிறகு விரிசலை அடையுங்கள். நகராட்சி அலுவலகமாக இருந்த 19-ஆம் நூற்றாண்டு மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில் சரிந்ததைக் கண்ணால் பார்த்த ஊர் இது. அதை மறுபடி கட்டித் திறக்க 2021 ஆயிற்று. மாடியை அலட்சியம் செய்ய இங்கே யாருக்கும் மனம் வரக்கூடாது.

சாலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போட்டுக்கொண்டே போனால் தெரு உயர்ந்து, திண்ணைப் படிகள் புதைந்து, மழைநீர் வீட்டுக்குள் வரும். சுரண்டிவிட்டுப் போடுவோம் என்பது ஒப்பந்தத்திலேயே எழுத்தில் இருக்க வேண்டும். கழிவுநீர், குடிநீர், மின்கேபிள் மூன்றும் புதைந்த பிறகே நடைபாதைக் கல் பதிக்க வேண்டும். துறைகள் மூன்றையும் ஒரே மேசையில் உட்காரவைக்கும்வரை கல் வாங்காதீர்கள்.

சுவரில் ஏற்கெனவே சிமென்ட் பூசியிருந்தால் முழுவதும் கொத்தி எடுக்க வேண்டும். சுண்ணாம்புக் கட்டுமானத்தின்மேல் சிமென்ட் பூசினால் தரை ஈரம் உள்ளேயே ஏறி இடுப்பளவில் உப்புப் பூக்கும். கடலோர ஊரில் இது இன்னும் வேகம். கொத்திய சுவரைச் சில வாரம் உலரவிடுங்கள், உப்பை ஈரப்படுத்தாமல் உலர்ந்த தூரிகையால் துடைத்தெடுங்கள்.

சுண்ணாம்பைத் தாளிக்கும்போது (அதாவது சுட்ட சுண்ணாம்புக் கல்லை நீற்றும்போது) தண்ணீரில்தான் கல்லைப் போட வேண்டும், கல்லின்மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. கொதித்துத் தெறிக்கும், கண் போய்விடும். தாளித்ததைச் சலித்து, தண்ணீருக்கு அடியிலேயே குறைந்தது இரண்டு வாரமாவது ஊறவிடுங்கள். கூடுதலாக ஊறினால் நல்லதே. ஊறாத சுண்ணாம்பில் மிஞ்சிய துணுக்குகள் பூசிய பிறகு சுவரில் வெந்து சிறு சிறு குழியாக வெடிக்கும். அடிப்பூச்சுக்கு 1 பங்கு சுண்ணாம்புக்கு 3 பங்கு மணல், மேல்பூச்சுக்கு நைஸ் மணலாக 2 பங்கு. கடல் மணல் கூடவே கூடாது. பாறையை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் என்றால் தூசு போகக் கழுவ வேண்டும். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரைச் சேர்ப்பதில் மேஸ்திரிக்கு மேஸ்திரி அளவு மாறும். அவர் அளவிலேயே ஒரு சதுர மீட்டர் மாதிரி பூசிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஒரு பூச்சு 12 மி.மீட்டருக்கு மேல் கனக்கக் கூடாது. முந்தையது இறுகிய பிறகே அடுத்தது. ஈரச்சாக்கு தொங்கவிட்டு வெயிலையும் காற்றையும் மறையுங்கள், சீக்கிரம் காய்ந்தால் மயிரிழை விரிசல் ஓடும். பூசுவதற்குத் தை, மாசி ஏற்ற காலம். ஐப்பசி, கார்த்திகையில் தொடவே வேண்டாம்.

நிறமும் சுண்ணாம்புதான். எமல்ஷன் அடித்தால் சிமென்ட் பூசியதற்குச் சமம். பால் போல நீர்த்த சுண்ணாம்பை, நனைத்த சுவரில், மூன்று முறை மெல்லிசாக அடிக்க வேண்டும். வண்ணப்பொடி சுண்ணாம்பின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் கையில் ஒட்டும். ஈரத்தில் அடர்த்தியாகத் தெரியும் மஞ்சள் காய்ந்ததும் நன்றாக வெளுக்கும். ஆகவே மாதிரித் திட்டு அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகு எல்லோரும் பார்த்துச் சம்மதிக்கட்டும்.

தாழ்வாரம் நடைபாதைமேல் நிற்பது. அதனால் மரத்தூணை மாற்றுவதற்கு முன் நகராட்சிப் பொறியாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பிற்பாடு ஆக்கிரமிப்பு என்று யாராவது புகார் கொடுத்தால் அந்தக் கடிதம்தான் காப்பாற்றும். தூண் கருங்கல் பீடத்தின்மேல் நிற்க வேண்டும், தரையில் நேராக நட்டால் கறையானுக்கு விருந்து.

கடைகளில் பெயர்ப்பலகைதான் சண்டை. இறவானத்துக்குக் கீழே, கதவு அகலத்துக்கு மிகாமல் என்று ஓர் அளவை எல்லோருக்கும் பொதுவாக வைத்தால் ஒருவர் மாற்ற அடுத்தவரும் மாற்றுவார். நடைபாதை வியாபாரிகளை அகற்றிவிட்டு அழகுபடுத்துவது அநியாயம், சட்டப்படியும் எளிதில்லை. 2014-ன் தெரு வியாபாரிகள் சட்டப்படி நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். பூக்காரம்மாவையும் இளநீர்க்காரரையும் முதல் கூட்டத்துக்கே அழையுங்கள். தெருவில் எந்த மணிக்கு எங்கே நிழல் விழும் என்பது அவர்களுக்குத் தெரிந்த அளவு எந்த வரைபடத்துக்கும் தெரியாது.

வீடுகள் எல்லாம் ஹோம்ஸ்டேயும் காபி ஷாப்பும் ஆகிவிடும் ஆபத்தும் இருக்கிறது. பொதுப்பணத்தில் முகப்பைச் செப்பனிடும் உரிமையாளர், குறிப்பிட்ட காலத்துக்கு இருக்கும் வாடகைதாரரை வெளியேற்றுவதில்லை, வாடகையைத் திடீரென ஏற்றுவதில்லை என்று ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து சேர்க்க வேண்டும். மாவு மில்லும் தையல் கடையும் இருந்தால்தான் தெருவில் குடும்பங்கள் தங்கும்.

பணத்தில் ஒரு பகுதியைத் தொடக்கத்திலேயே பராமரிப்புக்கென்று தனிக் கணக்கில் ஒதுக்குங்கள். இருவர் கையெழுத்தில்லாமல் எடுக்க முடியாதபடி இருக்கட்டும். அதிலிருந்து ஆண்டுதோறும் புரட்டாசியில் எல்லா மாடிகளிலும் ஒரே நாளில் ஆள் ஏற்றி, நீர்போக்கிகளை அடைக்கும் இலைதழையை அள்ளி, ஒவ்வொரு குழாயிலும் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்க்க வேண்டும். பூட்டிக் கிடக்கும் வீடுகளின் மாடிச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதை அந்தக் கணக்கு நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.