ஏரிக்கு ஒரு பான் கார்டு

குடியாத்தத்துக்கும் மோர்தானாவுக்கும் நடுவில் ஒரு சின்ன ஊரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். விண்ணப்பம் எழுதுவது, ஆன்லைனில் பதிவது, போட்டோவைச் சுருக்குவது எல்லாம் என் பிழைப்பு. அதனால்தான் எங்கள் ஏரிக் குழுவின் எழுத்து வேலை முழுவதும் என் தலையில் விழுந்தது. சிறிய அமைப்புகளுக்குச் சூழல் வேலைக்கும் பல்லுயிர்க் கல்விக்கும் பணம் கொடுக்கும் ஓர் அறக்கட்டளை நிதிக்கு விண்ணப்பித்து, ஒரு முறை தோற்று, மறு முறை வாங்கி, கணக்கும் முடித்துவிட்டோம். எப்படி என்று பலர் கடைக்கே வந்து கேட்கிறார்கள். அவர்களுக்காக இது.

2021 நவம்பர் மழை இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு மறக்காது. மோர்தானா அணை நிரம்பி வழிய, கௌண்டன்யா ஆறு குடியாத்தத்தையே ஆட்டிவைத்தது. பாலாற்றிலும் இரு கரை தொட்டு வெள்ளம். எங்கள் ஊர் ஏரி பல வருடம் கழித்து நிரம்பி வழிந்து கோடி போனது. அடுத்த மாதமே நத்தைகுத்தி நாரைகள் வந்து இறங்கின. கூடவே நீர்க்காகம், முக்குளிப்பான், நாமக்கோழி. அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர் ஞாயிறு காலையில் பிள்ளைகளைக் கரைக்குக் கூட்டிவர ஆரம்பித்தார். பால் ஊற்றுகிறவர் ஒருவர், கைத்தறி நெய்கிறவர் இருவர், நான் என்று சேர்ந்துகொண்டோம். பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்க நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் எங்கள் ஏரியும் ஏறியது. பிள்ளைகள் 200 பக்க நோட்டு ஒன்றில் தேதி போட்டு எழுதி வந்தார்கள். பணம் என்ற பேச்சே அப்போது இல்லை. டீயும் சுண்டலும் யாராவது ஒருவர் கைக்காசு.

பைனாகுலர் ஒன்றே ஒன்று, அதுவும் இரவல். முப்பது பிள்ளைகள் வரிசையில் நின்று ஆளுக்கு அரை நிமிடம் பார்ப்பதற்குள் பறவை போய்விடும். அங்கேதான் பணத்தின் தேவை தொடங்கியது.

முதலில் வெளிநாட்டு நிதி ஒன்றைப் பார்த்தோம். அந்தக் கதவு உடனே மூடிவிட்டது. வெளிநாட்டுப் பணம் வாங்க எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப் பதிவு வேண்டும். அதற்கு அமைப்பு தொடங்கி மூன்று வருடமாவது ஆகியிருக்க வேண்டும், அந்த வருடங்களில் செலவு செய்த கணக்கும் வேண்டும். சரி, ஏற்கெனவே பதிவு உள்ள பெரிய அமைப்பு ஒன்று வாங்கி நமக்குத் தரலாமே என்று கேட்டால், 2020 திருத்தத்துக்குப் பிறகு அப்படிக் கைமாற்றவும் முடியாது. இதைத் தெரிந்துகொள்ளவே எங்களுக்கு இரண்டு மாதம் வீண். நீங்களும் புதிய குழு என்றால் உள்நாட்டுப் பணம் தரும் இடங்களை மட்டும் தேடுங்கள்.

அப்படித் தேடிக் கண்டதுதான் இந்த நிதி. பெயர் சொல்லவில்லை. சொன்னால் இந்தக் கட்டுரை விளம்பரம் ஆகிவிடும். அவர்கள் கேட்டது: பதிவு செய்த அமைப்பு, பான் கார்டு, வங்கிக் கணக்கு, தொண்டு அமைப்புகளைப் பதியும் நிதி ஆயோக் தளமான தர்பணின் எண், வரிவிலக்குக்கான வருமான வரித் துறையின் 12ஏ பதிவு. இவை தவிர, ஒரு வருடமாவது களத்தில் வேலை செய்ததற்குச் சான்று. கடைசியாகச் சொன்னது மட்டும்தான் எங்களிடம் இருந்தது.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ் சங்கமாகப் பதிந்தோம். குறைந்தது ஏழு பேர் வேண்டும். ஐந்து பேர் ஏற்கெனவே இருந்தோம், ஆறாவது ஆளும் கிடைத்தார். ஏழாவது ஆளுக்குத்தான் அலைச்சல். கரையில் வந்து நிற்கும் யாரும் ஆதார் கொடுத்துக் கையெழுத்துப் போடச் சொன்னால் ஒரு நிமிடம் யோசிக்கிறார்கள். கடைசியில் என் மனைவி போட்டாள். "ஏரிக்குக்கூடவா பான் கார்டு வாங்குறீங்க?" என்று அவள் கேட்டதைத்தான் தலைப்பில் வைத்திருக்கிறேன்.

பதிவுக்குக் கொடுக்கும் சங்க விதிகளில் 'செயல்படும் எல்லை' என்று ஒரு பத்தி உண்டு. அதில் பழைய பாசத்தில் 'வட ஆற்காடு மாவட்டம்' என்று எழுதிவிட்டேன். அப்படி ஒரு மாவட்டம் இப்போது எங்கே இருக்கிறது? 1989-இல் திருவண்ணாமலை தனியாகப் போனது. 2019-இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இன்றும் எல்லாம் வட ஆற்காடுதான், ஜவ்வாது மலைக்கும் இந்த எல்லைக்கோடு தெரியாது. ஆனால் காகிதத்துக்குத் தெரியும். திருத்தி, நான்கு மாவட்டப் பெயரையும் எழுதி மறுபடி கொடுத்தோம். தப்பு என்னுடையது, அலுவலகத்தைக் குறை சொல்வதற்கில்லை.

பான், தர்பண் இரண்டும் சுலபம். வங்கிக் கணக்குக்குத் தீர்மானம் வேண்டும் என்று தெரியாமல் இரண்டு முறை திரும்பி வந்தோம். அதனால் ஒரு யோசனை: பதிவு கிடைத்த அன்றே ஒரு மினிட் புத்தகம் வாங்கி, யார் தலைவர், யார் பொருளாளர், எந்த இருவர் காசோலையில் கையெழுத்துப் போடலாம் என்று தீர்மானம் எழுதி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். அந்த ஒரு புத்தகம் பல இடங்களில் எங்களைக் காப்பாற்றியது. 12ஏ-வுக்கு ஆடிட்டரிடம் போனோம். புதிய அமைப்புக்கு முதலில் கிடைப்பது மூன்று ஆண்டுக்கான தற்காலிகப் பதிவு. அதை முறையான பதிவாக மாற்ற விண்ணப்பிக்கும் தேதியை அப்போதே காலண்டரில் எழுதிவைக்கச் சொன்னார். எழுதினேன்.

இனி விண்ணப்பம்.

2023 அக்டோபரில் அனுப்பிய முதல் விண்ணப்பத்தை இப்போது படித்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. முதல் இரண்டு பக்கம் பாலாற்றின் வரலாறு. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைக் கழிவு, அதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் போனது, மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற 1996 தீர்ப்பு என்று மேடைப் பேச்சு போல எழுதியிருந்தேன். அதெல்லாம் உண்மைதான், நாட்டுக்கே வழிகாட்டிய தீர்ப்புதான். ஆனால் அதில் எங்கள் குழுவின் வேலை ஒரு வரிகூட இல்லை. அதற்கடுத்து 5,000 மரக்கன்று, பத்தாயிரம் விதைப்பந்து, ஏரிக்குள் இருக்கும் கருவேல மரங்களை அகற்றுதல். கேட்ட தொகை ஐந்து லட்சம்.

ஆறு வாரம் கழித்து மறுப்பு வந்தது. கூடவே அங்கிருந்து ஓர் அம்மா போனில் பேசினார். இப்படி யாரும் பேசமாட்டார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. அவர் கேட்டது மூன்றே கேள்வி. நட்ட கன்றுக்கு முதல் இரண்டு கோடையில் யார் தண்ணீர் ஊற்றுவார்கள்? ஏரிக்குள் இருப்பது சீமைக் கருவேலமா, சமூகக் காடு திட்டத்தில் வைத்த நாட்டுக் கருவேலமா, அதில் பறவைகள் கூடு கட்டுகின்றனவா? சான்றாக அனுப்பிய பிள்ளைகளின் நோட்டுப் பக்கங்களில் இருக்கும் வேலை, விண்ணப்பத்தில் ஏன் இல்லை?

இரண்டாவது கேள்விக்காக மறுநாளே ஏரிக்குள் இறங்கிப் பார்த்தோம். கரையோரப் புதர் சீமைக் கருவேலம். நடுவில் நிற்பது நாட்டுக் கருவேலம், அதில் நீர்க்காகத்தின் பழைய கூடுகள். அகற்றுகிறோம் என்று எழுதிக் கொடுத்தவனே நான்தான். இரண்டு வருடம் அதே மரத்தை பைனாகுலரில் பார்த்தவனும் நான்தான்.

2024 ஏப்ரலில் இரண்டாவது முறை எழுதியபோது நான்கே பக்கம். பாலாறு இல்லை, விதைப்பந்து இல்லை. ஒரு ஏரி, மூன்று பள்ளி, ஒரு வருடம். ஆறு பைனாகுலர் 27,000 ரூபாய். எங்கள் ஏரிக்கான சின்னக் கையேடு 500 பிரதி. அமிர்திக் காட்டுக்கும் ஜவ்வாது மலைக்கும் ஒவ்வொரு முறை வேன். ஞாயிறுச் சுண்டல். ஆடிட்டர் கட்டணத்தைப் போட வேண்டும் என்று நிதிக்காரர்களே நினைவூட்டினார்கள். சிறிய குழுக்கள் எல்லாம் இதை விட்டுவிடுமாம். மொத்தம் 1,80,000 கேட்டோம்.

கூடவே கடிதங்கள் இரண்டு. நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உள்ள ஏரி என்றால் நீர்வளத் துறை பொறுப்பு, அதற்குக் குறைவென்றால் ஊராட்சி ஒன்றியம். எங்களுடையது சின்ன ஏரி. கரையில் பெயர்ப்பலகை வைக்க ஒன்றியத்தின் அனுமதி, மலைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போக வனத்துறை அனுமதி. இரண்டில் ஒன்று எட்டு நாளில் வந்தது, மற்றது எட்டு வாரம். எது எது என்று சொல்லப்போவதில்லை.

மே மாதக் கடைசியில் அறக்கட்டளையிலிருந்து இருவர் நேரில் பார்க்க வந்தார்கள். ஏரியில் தண்ணீர் முழங்கால் அளவு, அதுவும் ஒரு மூலையில். நாரையும் இல்லை, நீர்க்காகமும் இல்லை. இரண்டு உண்ணிக்கொக்கு மட்டும் மாட்டின் பின்னால் நடந்துகொண்டிருந்தன. எனக்கு வியர்த்துவிட்டது. அந்த நேரம் ஆடு ஓட்டிக்கொண்டு எங்கள் தெரு ஆயா வந்தார். ஈரச் சேற்றில் குனிந்து ஒரு பிடி பறித்து மடியில் போட்டுக்கொண்டார். வந்தவர்களில் ஒருவர் என்ன கீரை என்று கேட்டார். ஆரைக்கீரை. இது? பொன்னாங்கண்ணி. அது மூக்கிரட்டை, வேலியில் முடக்கத்தான், இது பருப்புக்கீரை, அது பண்ணைக்கீரை, ஆடிக்கு மேலேதான் ருசிக்கும். அப்புறம் மீன்: விரால், குறவை, கெளுத்தி, அயிரை, எந்த மழைக்கு எது ஏறும் என்று. ஒன்றரை மணி நேரம். அவர்கள் எழுதிக்கொண்டே நடக்க, ஆயா கடைசியில் கேட்டார்: "இன்னாத்துக்குமா இத்தயெல்லாம் எழுதற? நாளைக்கு வந்தாலும் இங்கதான இருக்கும்?"

இரண்டு வருடமாக அவர் எங்களைத் தாண்டித்தான் ஆடு ஓட்டிப் போனார். நாங்கள் பறவையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நிதி 1,50,000 என்று குறைத்துக் கொடுத்தார்கள். முதல் தவணை 90,000, இடைக்கால அறிக்கைக்குப் பிறகு 60,000. ஒரு நிபந்தனை: மாதம் ஒரு ஞாயிறு, ஊர்ப் பெரியவர் ஒருவர் பிள்ளைகளுக்குச் சொல்லித் தர வேண்டும், அதற்கு 500 ரூபாய் மதிப்பூதியம். அப்படிச் சேரும் பெயர்களை, ஊரின் செடி கொடி உயிரினங்களைப் பதிந்துவைக்கும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டுக்குக் கொடுக்கலாம் என்றும் அவர்கள் சொல்லித்தான் தெரியும். 2002-ஆம் ஆண்டு உயிரியல் பல்வகைமைச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் அதற்கென்று ஒரு குழு இருக்க வேண்டும். பதிவுக்கு முதல் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து பணம் கணக்கில் ஏறியதுவரை 17 மாதம்.

வேலை நடந்த வருடத்தைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். இங்கே கணக்கை மட்டும் சொல்கிறேன், எல்லோரும் மாட்டிக்கொள்வது அதில்தான். டீக்கடையில் பில் கிடையாது. நாங்களே வவுச்சர் அச்சடித்துக் கடைக்காரரிடம் கையெழுத்து வாங்கினோம். ரொக்க ரசீது 5,000 ரூபாய்க்கு மேல் போனால் ரெவின்யூ ஸ்டாம்ப். ஒரே ஆளுக்கு ஒரே நாளில் 10,000-க்கு மேல் ரொக்கமே கூடாது என்பதால் வேன்காரருக்கு வங்கி வழியாகக் கொடுத்தோம். ஆயாவுக்கு வவுச்சரில் கைநாட்டு வாங்கப் போனால், "கீரை பேரு சொன்னதுக்குக் காசா?" என்று மை தொட மறுத்துவிட்டார். நூறு நாள் வேலைக்கும் கைநாட்டுத்தானே வைக்கிறீர்கள் என்று ஆசிரியைதான் பேசிச் சம்மதிக்க வைத்தார். செலவை அன்றன்றே எழுதுங்கள். நான் மூன்று மாதம் தள்ளிப்போட்டு, 2,300 ரூபாய்க்கு வவுச்சர் கிடைக்காமல் அதைச் சொந்தக் காசில் கட்டினேன்.

ஆடிட்டர் கையெழுத்திட்ட பயன்பாட்டுச் சான்றிதழை 2025 ஜூலையில் அனுப்பினோம். மீதி 412 ரூபாய். அதைத் திருப்பி அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினோம். ஒரு குழுவுக்கு இரண்டு முறைதான் தருவார்களாம். இரண்டாவது முறைக்கான படிவம் இப்போது கடைக் கம்ப்யூட்டரில் திறந்தே இருக்கிறது. எல்லாம் நிரப்பியாயிற்று, 'நிதி நின்ற பிறகு இந்த வேலையை எப்படி நடத்துவீர்கள்' என்ற கட்டம் மட்டும் காலி. ஞாயிற்றுக்கிழமை கரையில் கூடும்போது கேட்டு எழுத வேண்டும். இந்த முறை ஆயாவையும் உட்கார வைத்து.