லினக்ஸில் ஆன்டிவைரஸ்: யாருக்குத் தேவை?

வீட்டில் உபுண்டு, மின்ட் போன்ற லினக்ஸ் வகைகளை ஓட்டுபவர் ஆன்டிவைரஸ் தேடி அலைய வேண்டாம். ஆனால் அதற்கு வழக்கமாகச் சொல்லும் காரணம் இருக்கிறதே, "ரூட் (நிர்வாகி அதிகாரம்) இல்லாமல் வைரஸால் ஒன்றும் செய்ய முடியாது" என்று, அதை நம்ப வேண்டாம்.

சிஸ்டம் ஃபைல்களை மாற்றத்தான் ரூட் வேண்டும். பிரவுசர் குக்கி, வேறு கணினிக்குள் தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் சாவி, குடும்பப் படங்கள் எல்லாம் இருப்பது உங்கள் ஹோம் ஃபோல்டரில். உங்கள் பெயரில் ஓடும் எந்த புரோகிராமும் அவற்றைப் படிக்கலாம். டெர்மினல் திறக்கும்போது ஓடும் பாஷ்ஆர்சியில் ஒரு வரி, அல்லது குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான்டேபில் ஒரு வரி எழுதிக்கொண்டால், ரீஸ்டார்ட் செய்தாலும் அந்த வைரஸ் திரும்ப முளைக்கும்.

உண்மையில் நம்மைக் காப்பது டிஸ்ட்ரோவின் (நீங்கள் ஓட்டும் லினக்ஸ் வகை) கையொப்பமிட்ட ரெப்போ, அதாவது மென்பொருள் கிடங்குதான். அதை விட்டு வெளியே கால் வைக்கும் இடங்களில்தான் அடி விழுந்திருக்கிறது. 2016 பிப்ரவரியில் மின்ட் இணையதளத்துக்குள் புகுந்தவர்கள், பின்கதவு வைத்த ஐஎஸ்ஓவுக்கு (நிறுவல் ஃபைல்) இணைப்பை மாற்றிவிட்டார்கள். தளமே கைமாறினால் பக்கத்தில் போட்டிருக்கும் செக்சமையும் (ஃபைல் மாறவில்லை என்று காட்டும் எண்) மாற்றலாம். அதனால் வெளியிட்டவரை உறுதிசெய்யும் ஜிபிஜி கையொப்பத்தையும் சரிபாருங்கள். 2018இல் உபுண்டுவின் ஆப் கடையான ஸ்னாப் ஸ்டோரில் ஒரு கேமுக்குள் கிரிப்டோ மைனர் இருந்தது. 2025 ஜூலையில் ஆர்ச் லினக்ஸில் பயனர்களே பேக்கேஜ் போடும் ஏயூஆரில் பிரவுசர் பெயர்களில் வந்த சில பேக்கேஜ்கள், தொலைவிலிருந்து கணினியை ஆளும் கேயாஸ் ரேட் என்ற மால்வேரை இறக்கின. பேக்கேஜ் கட்டும் ஸ்கிரிப்டான பிகேஜி பில்டைத் திறந்து, எங்கிருந்து எதை இறக்குகிறது என்று பார்ப்பதுதான் அங்கே ஸ்கேன்.

ரெப்போவும் நூறு சதவீதம் அல்ல. 2024 மார்ச்சில் ஃபைல் சுருக்கும் எக்ஸ்இசட் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு இருந்தது. அதைப் பிடித்தது எந்த ஸ்கேனரும் அல்ல. எஸ்எஸ்ஹெச் லாகின் அரை விநாடி இழுக்கிறதே என்று தோண்டிய ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற புரோகிராமர்.

நெட்டில் திறந்திருக்கும் மெஷின் வேறு கதை. 2016இல் மிராய் என்ற மால்வேர் பிடித்தது லினக்ஸ் ஓடும் ரவுட்டர்களையும் கேமராக்களையும். ஆயுதம் மாற்றாமல் விட்ட பாஸ்வேர்டு. சர்வரில் பாஸ்வேர்டு லாகினை மூடுங்கள். கிளவுட் சர்வருக்கான உபுண்டு இமேஜில் இங்கே ஒரு பொறி உண்டு: எஸ்எஸ்ஹெச் சர்வரான எஸ்எஸ்ஹெச்டியின் கான்ஃபிக் ஃபைலில் பாஸ்வேர்டு லாகினுக்கு "நோ" என்று எழுதியும், அதன் கூடவே இருக்கும் டாட்-டி (.d) ஃபோல்டரில் உள்ள, சர்வரை முதலில் அமைக்கும் கிளவுட்-இனிட்டின் ஃபைல் "யெஸ்" என்று சொல்லிக்கொண்டிருக்கலாம். முதலில் படித்த மதிப்பே செல்லும், அந்த ஃபோல்டர்தான் முதலில் படிக்கப்படும். எஸ்எஸ்ஹெச்டியை பெரிய T ஆப்ஷனோடு (sshd -T) ஓட்டினால் உண்மையில் அமலில் இருப்பது தெரியும். சாவியால் உள்ளே போக முடிகிறதா என்று இன்னொரு டெர்மினலில் பார்க்கும்வரை பழைய செஷனை மூடாதீர்கள். உபுண்டுவில் யூஎஃப்டபிள்யூ ஃபயர்வால் முதலில் அணைந்தே இருக்கும். ஆன் செய்த பிறகும், அப்ளிகேஷன்களைத் தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கர் திறக்கும் போர்ட்டை அது தடுக்காது, டாக்கர் தன் ஐபி டேபிள்ஸ் (ஃபயர்வால்) விதிகளைத் தானே எழுதிக்கொள்கிறது. வெளியே தெரிய வேண்டாத போர்ட்டை அந்த மெஷினுக்குள் மட்டும் தெரியும் 127.0.0.1 முகவரியில் கட்டுங்கள்.

அப்படியானால் கிளாம்ஏவி என்ற லினக்ஸ் ஆன்டிவைரஸ் யாருக்கு? மெயில் சர்வர், சாம்பா ஷேர் என விண்டோஸ்காரர்களுக்கு ஃபைல் கைமாற்றும் இடங்களுக்கு. போடுவதற்கு முன் ராமைப் பாருங்கள். அதன் பின்னணி சேவையான கிளாம்டி, சிக்னேச்சர்களை (வைரஸ் அடையாளங்கள்) மொத்தமாக மெமரியில் ஏற்றுவதால் 1 ஜிபிக்கு மேல் விழுங்கும். அப்டேட் நேரத்தில் பழையதை வைத்துக்கொண்டே புதியதையும் ஏற்றும், கிட்டத்தட்ட இரட்டிப்பு. சின்ன விபிஎஸ்ஸில் (வாடகை சர்வர்) கெர்னலே அதைக் கொன்றுவிடும். கிளாம்டி கான்ஃபிக்கில் கான்கரன்ட் டேட்டாபேஸ் ரீலோடை (ConcurrentDatabaseReload) "நோ" ஆக்கினால் இரட்டிப்பு குறையும். ஏற்றி முடியும்வரை ஸ்கேன் காத்திருக்கும், அவ்வளவுதான்.

கிளாம்ஸ்கேன் ஒவ்வொரு முறையும் டேட்டாபேஸை முதலிலிருந்து ஏற்றும், ஏற்கெனவே ஓடும் கிளாம்டியையே கேட்கும் கிளாம்டிஸ்கேன் வேகம். ஆனால் கிளாம்டி வேறு யூசராக ஓடுவதால் ஹோம் ஃபைல்களில் "பெர்மிஷன் டினைட்" வரும். கிளாம்டிஸ்கேனுக்கு எஃப்டிபாஸ் (--fdpass) ஆப்ஷன் கொடுத்தால் தீரும். இன்னொன்று: புதிய பதிப்புகளில் 100 எம்பிக்கு மேற்பட்ட ஃபைலை ஸ்கேன் செய்யாமலே "ஓகே" என்று காட்டும். கான்ஃபிக்கில் அலர்ட் எக்சீட்ஸ் மேக்ஸை (AlertExceedsMax) "யெஸ்" ஆக்கி வையுங்கள்.