குறை சொல்ல மட்டும் பெற்றோரைக் கூப்பிடாதீர்கள்

பள்ளியிலிருந்து போன் வந்தாலே, "என்ன பண்ணி வெச்சானோ" என்ற பதற்றத்தோடுதான் பல பெற்றோர் எடுக்கிறார்கள். அதில் அவர்கள் தப்பு எதுவும் இல்லை. ஏதாவது பிரச்சினை வந்தால்தான் ஆசிரியர் கூப்பிடுவார் என்று நாம்தான் அவர்களைப் பழக்கியிருக்கிறோம். பதற்றத்தில் இருப்பவர் காதில் பாதிதான் விழும். ஒன்று பிள்ளைக்காக வாதாடுவார், இல்லையென்றால் போனை வைத்ததும் பிள்ளையை அடிப்பார். இரண்டுமே நாம் எதிர்பார்த்துக் கூப்பிட்டது அல்ல.

ஆகவே முதல் பேச்சு, பிரச்சினை எதுவும் வருவதற்கு முன்பே நடந்திருக்க வேண்டும். பள்ளி திறந்த முதல் இரண்டு வாரம் இதற்குச் சரியான நேரம். "நான் உங்கள் மகளின் வகுப்பு ஆசிரியர். அவளைப் பற்றி நான் தெரிந்துகொள்ள வேண்டியது ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டால் போதும். கண்ணாடி போட மறுப்பது, இடது காது சரியாகக் கேட்காதது, வீட்டில் புதிதாகப் பிறந்த தம்பி, அப்பா வேலைக்காக வெளியூர் போனது என்று எந்தப் பதிவேட்டிலும் இல்லாத விஷயங்கள் அந்த ஒரு கேள்விக்குப் பதிலாக வந்து விழும். யாரிடம் பேசினால் சரி, எந்த நேரத்தில் போன் எடுப்பார்கள், எழுத்து வசதியா குரல் செய்தி வசதியா என்பதையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள். பெற்றோர் பிரிந்து வாழ்ந்தால், தடை ஏதும் இல்லாத பட்சத்தில், ஒரே தகவல் இருவருக்கும் போக வேண்டும்.

நேரம் எங்கே என்று கேட்பீர்கள். வகுப்பில் 40 பேர் என்றால் ஒரு நாளைக்கு இரண்டு வீடு. 20 வேலை நாளில் சுற்று முடிந்துவிடும். முதல் சுற்றுக்கு மட்டும் வீட்டுக்கு ஐந்து நிமிடமாவது வேண்டும். அதை இரண்டு வாரத்தில் முடிக்க நினைத்தால் தினமும் நான்கு வீடு. அதன்பின் மாதம் ஒரு முறை, இரண்டு வரிச் செய்திக்கு இரண்டு நிமிடம் போதும்.

அந்த இரண்டு வரியில் என்ன இருக்க வேண்டும் என்பதில்தான் முழு விஷயமும் இருக்கிறது. அமெரிக்காவில் மேத்யூ கிராஃப்ட், டாட் ராஜர்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2015-இல் வெளியிட்டார்கள். தவறிய பாடத்தைக் கோடை விடுமுறையில் மறுபடி படிக்கும் உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் வீட்டுக்கு வாரம் ஒரு முறை ஆசிரியரிடமிருந்து ஒரே ஒரு வாக்கியம் போனது. செய்தி போகாத பிள்ளைகளில் 15.8 சதவீதம் பேர் தேறவில்லை. செய்தி போன பிள்ளைகளில் அது 9.3 சதவீதம். நன்றாகச் செய்ததைச் சொன்ன செய்திகளைவிட, எதைச் சரிசெய்ய வேண்டும் என்று சொன்ன செய்திகளுக்கே பலன் கூடுதலாக இருந்தது. "எப்போதும் நல்லதையே சொல்லுங்கள்" என்று பயிற்சிகளில் சொல்லப்படும் அறிவுரை எனக்கு அரைகுறையாகப் படுவது இதனால்தான். பாராட்டு கதவைத் திறக்கும். உள்ளே போனபின் பெற்றோர் கையில் ஒரு வேலையைக் கொடுக்க வேண்டும்.

"கணக்கில் கவனம் இல்லை. வீட்டில் பார்த்துக்கொள்ளவும்." டைரியில் அடிக்கடி கண்ணில் படும் வரி இது. இதைப் படித்த அம்மா என்ன செய்வார்? "கவனமா போடு" என்று அதட்டுவார். அதற்குமேல் செய்ய அவரிடம் எதுவும் இல்லை.

அதே விஷயத்தை இப்படி எழுதிப் பாருங்கள்: "கூட்டல் எல்லாம் சரியாகப் போடுகிறாள். கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கில் பத்துக்கு நான்கு தப்பு. 52-இல் 27 போனால் 35 என்கிறாள். 2-இல் 7 போகாது என்பதால், திருப்பி 7-இல் 2-ஐக் கழித்துவிடுகிறாள். பத்துப் பத்தாகக் கட்டிய ஐந்து குச்சிக் கட்டும் இரண்டு தனிக் குச்சியும் கொடுத்து, 27 குச்சியை எடுக்கச் சொல்லுங்கள். ஒரு கட்டைப் பிரித்தால்தான் எடுக்க முடியும் என்பதை அவளே பார்க்கட்டும். தினமும் மூன்று கணக்கு, வெள்ளி வரை. திங்களன்று நான் பார்க்கிறேன்." இதில் திட்டுவதற்கு எதுவும் இல்லை, செய்வதற்கு இருக்கிறது. இங்கே பார்த்தது இருக்கிறது, தீர்ப்பு இல்லை. சோம்பேறி, அடங்காதவன், மந்தம் என்று எழுதிய எந்தச் சொல்லையும் பெற்றோர் மறக்கமாட்டார்கள், பிள்ளையும் மறக்காது. "மூன்றாவது பீரியடில் எழுதுவதை நிறுத்திவிட்டு மேசையில் தலை வைத்துப் படுத்துவிடுகிறான், இந்த வாரம் மூன்று நாள்" என்று எழுதினால், அவன் காலையில் சாப்பிடாமல் வருவது தெரியவரலாம்.

பெற்றோர் சந்திப்பு நாளில் ஒருவருக்குப் பத்து நிமிடம்தான் கிடைக்கும். அதைக் கெடுப்பது பெரும்பாலும் மதிப்பெண் அட்டை. உட்கார்ந்ததும் அதை நீட்டினால் கண் சிவப்பு எண்ணுக்குப் போகும், மீதி ஒன்பது நிமிடம் வீண். அட்டையைக் கடைசியில் கொடுங்கள். முதல் இரண்டு, மூன்று நிமிடம் அவர்கள் பேசட்டும். "பள்ளியைப் பற்றி வீட்டில் என்ன சொல்றான்?" என்பது நல்ல தொடக்கம். பிறகு நோட்டைத் திறந்து வையுங்கள். போன மாதப் பக்கம் ஒன்று, இந்த வாரப் பக்கம் ஒன்று. முன்னேற்றமோ சறுக்கலோ, அவர்கள் கண்ணாலேயே பார்க்கட்டும். அடுத்த நான்கு நிமிடத்தில் நாம் ஒன்று, அவர்கள் ஒன்று என்று இரண்டே வேலை முடிவாக வேண்டும். ஐந்து வேலை சொன்னால் ஒன்றும் நடக்காது. முடிவானதை அங்கேயே எழுதி, ஒரு பிரதியைக் கையில் கொடுத்து, மறுபடி எப்போது பேசுவது என்று தேதி சொல்லி அனுப்புங்கள்.

இன்னும் சில. அடுத்தவர் வரிசையில் நின்று கேட்கும்படி பேசாதீர்கள், காத்திருப்பவர்களுக்கான நாற்காலிகளை அறைக்கு வெளியே போடுங்கள். மேசைக்கு அந்தப் பக்கம் நீங்கள், இந்தப் பக்கம் அவர்கள் என்று இல்லாமல், நோட்டை இருவரும் பார்க்கும்படி பக்கத்தில் உட்காருங்கள். அண்ணனோடு, பக்கத்து பெஞ்சுப் பையனோடு ஒப்பிடாதீர்கள். பெற்றோருக்கு நம் மொழி தெரியாவிட்டால் பிள்ளையையே மொழிபெயர்க்க வைப்பது பெரிய தவறு. தன்னைப் பற்றிய குறையைத் தானே சொல்ல வேண்டிய நிலை எந்தக் குழந்தைக்கும் வரக்கூடாது, சொன்னாலும் முழுதாகச் சொல்லாது.

சந்திப்புக்கு வராத பெற்றோரை அக்கறையில்லாதவர் என்று முடிவுகட்டுவது எளிது. ஷிப்ட் வேலை, கைக்குழந்தை, ஒரு நாள் கூலி போய்விடும் என்ற பயம் என்று காரணங்கள் உண்டு. படிக்கும் காலத்தில் ஆசிரியர்களிடம் அவமானப்பட்டு, பள்ளி வாசலை மிதிக்கவே கூசுபவர்களும் இருக்கிறார்கள். மாலையில் ஐந்து நிமிட போன் பேச்சு அவர்களுக்கும் முடியும்.

வாட்ஸ்அப் குழு அறிவிப்புக்கு மட்டும் இருக்கட்டும். அட்மின் மட்டும் பதிவிடும்படி அமைப்பை மாற்றிவிடுங்கள். மதிப்பெண், நோட்டின் படம், பீஸ் கட்டாதவர் பெயர், எதுவும் அங்கே வரக்கூடாது. தனிச் செய்திகளுக்கு ஒரு வேலை நாளுக்குள் பதில் வரும், மாலை ஏழுக்குமேல் வராது, அவசரம் என்றால் அலுவலக எண் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். கோபமாக வரும் நீண்ட செய்திக்கு நீண்ட பதில் எழுதவே எழுதாதீர்கள். "படித்தேன், உங்கள் கவலை புரிகிறது, நாளை நான்கு மணிக்குக் கூப்பிடலாமா?" என்பதே போதும்.

அடிபட்டது, சண்டை நடந்தது போன்ற செய்தி, பிள்ளை வீடு போய்ச் சேரும் முன்பே போய்விட வேண்டும். என்ன நடந்தது, பள்ளி என்ன செய்தது, இன்னும் என்ன தெரியவில்லை என்ற வரிசையில் சொல்லுங்கள். மற்றப் பிள்ளையின் பெயரைச் சொல்லாதீர்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். உடம்பில் காயம் தெரிந்தாலோ, வீட்டில் அடி விழுவதாகக் குழந்தை சொன்னாலோ, நேராகப் பெற்றோருக்கு போன் போடாதீர்கள். பள்ளியில் குழந்தைப் பாதுகாப்புக்குப் பொறுப்பானவரிடம் அன்றைக்கே, குழந்தை சொன்ன அதே வார்த்தைகளில் எழுதிக் கொடுங்கள். அவசரப்பட்டுப் பேசிவிட்டால் அன்று இரவு அந்தக் குழந்தையின் பாடு மோசமாகும்.

பெற்றோருக்கும் சொல்ல இருக்கிறது. "எப்படிப் படிக்கிறான்?" என்று கேட்டால் "பரவாயில்லை" என்றுதான் பதில் வரும். "எந்த இடத்தில் திணறுகிறான்? நீங்கள் எப்படிச் சொல்லித் தருகிறீர்கள்?" என்று கேளுங்கள். வீட்டில் நீங்கள் வேறு முறையில் சொல்லிக்கொடுத்தால் பிள்ளை இரண்டுக்கும் நடுவில் குழம்பும். புகார் இருந்தால், "மிஸ், அவன் இப்படிச் சொன்னான், வகுப்பில் என்ன நடந்தது?" என்று தொடங்குங்கள். நேராகத் தலைமை ஆசிரியரிடம் போனால், வகுப்பு ஆசிரியர் அதன்பின் உங்களிடம் அளந்துதான் பேசுவார். ஆசிரியரிடம் இரண்டு முறை பேசியும் மாற்றம் இல்லையென்றால் மேலே போவதில் தவறில்லை.

ஆசிரியர்களே, ஒவ்வொரு பேச்சையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்: தேதி, யாரிடம், என்ன முடிவானது, எப்போது மறுபடி பார்ப்பது. பெற்றோர் ஒரு நாள் கேட்டு வாங்கிப் படிக்கலாம் என்ற நினைப்போடு எழுதுங்கள். சொன்ன திங்கட்கிழமை மட்டும் தவறக்கூடாது. குச்சிக் கணக்கு பலன் தந்திருந்தால் ஒரு வரி போட்டு நிறுத்தச் சொல்லுங்கள். பலன் இல்லையென்றால் அதே வேலையை இன்னொரு வாரம் நீட்டாமல், அவள் பத்து, ஒன்று இட மதிப்பில் எங்கே தடுமாறுகிறாள் என்று வகுப்பில் பார்த்துவிட்டு, வேறு வேலையோடு மறுபடி கூப்பிடுங்கள்.